நுரையீரலுக்கு இறங்கிய பாப்பிலோமா: எந்த வழி யாருக்கு?

தொண்டையில் பாப்பிலோமா என்ற மரு வரும், ஈ.என்.டி. டாக்டர் எடுப்பார், சில மாதத்தில் திரும்ப முளைக்கும், மறுபடி தியேட்டர். இப்படியே வருடக்கணக்கில் ஓட்டிப் பழகிய குடும்பங்களுக்கு ஒரு நாள் சி.டி. ஸ்கேன் ரிப்போர்ட்டில் புதிதாக ஒரு வரி வந்து சேரும்: இரண்டு பக்க நுரையீரலிலும் முடிச்சுகள், சிலவற்றில் குழி. அடுத்த அறுவை எப்போது என்று மட்டும் யோசித்துக்கொண்டிருந்தவர்கள், இனி அறுவையால் ஆகாத இடத்துக்கு என்ன செய்வது என்று யோசிக்க வேண்டியதாகிவிடும். மருந்துப் பெயர்களுக்குக் குறைவே இல்லை. பெவாசிசுமாப் என்பார் ஒருவர், சிடோஃபோவிர் என்பார் இன்னொருவர், அமெரிக்காவில் புது ஊசி வந்துவிட்டதாமே என்று உறவினர் வாட்ஸ்அப்பில் அனுப்புவார், சும்மா இருங்கள், பார்த்துக்கொள்ளலாம் என்பார் நுரையீரல் டாக்டர்.

நான் டாக்டர் இல்லை. என் அக்கா மகனுக்காக இந்த வழிகளை ஒவ்வொன்றாகக் கேட்டும் படித்தும் அலசியவன். அதில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். இந்த நோயின் சிகிச்சைகளைப் பற்றிச் சொல்லப்படும் வெற்றிக் கணக்குகள் பெரும்பாலும் தொண்டையில் எடுத்த கணக்குகள். நுரையீரலில் நோய் இருப்பவர், எந்த மருந்தின் பெயர் காதில் விழுந்தாலும், "தொண்டைக்குச் சரி, நுரையீரலில் இது என்ன செய்தது?" என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைப் போட்டதும் பட்டியலில் இருக்கும் வழிகளின் வரிசையே மாறிவிடுகிறது.

நோயைப் பற்றி, தேவையான அளவுக்கு மட்டும். இதை உண்டாக்குவது ஹ்யூமன் பாப்பிலோமா வைரஸ் எனும் ஹெச்.பி.வி.யின் 6, 11 என்ற இரண்டு வகைகள். (ஜூன் 11ஆம் தேதியை இந்த நோய்க்கான விழிப்புணர்வு நாளாக வைத்திருப்பதும் அதனால்தான், ஆறாம் மாதம், பதினொன்றாம் நாள்.) குழந்தைகளுக்குப் பிரசவ நேரத்தில் தாயிடமிருந்து தொற்றலாம், பெரியவர்களிலும் புதிதாகத் தொடங்கலாம். இரண்டில் 11ஆம் வகைதான் முரடு. கீழே மூச்சுக்குழாய்க்கும் நுரையீரலுக்கும் இறங்குவதில் அதற்கே பெரும் பங்கு. நோயாளிகளில் நுரையீரல் வரை போவது நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான். ஆனால் போய்விட்டால் கதை வேறு. முடிச்சுகள் மெதுவாகப் பெரிதாகி, நடுவில் குழிந்து, காற்று நிரம்பிய பைகளாகும். அதில் கிருமி சேர்ந்து அடிக்கடி சளிக்காய்ச்சல் வரும். இருமலில் இரத்தம் வரலாம். சிலருக்குப் புற்றுநோயாகவும் மாறுகிறது. குழந்தைப் பருவத்தில் தொடங்கி நுரையீரலுக்குப் போன நோயாளிகளைப் பற்றி வெளியான தகவல்களைத் திரட்டிப் பார்த்த ஒரு தொகுப்பாய்வில், ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு அப்படி மாறியிருந்தது. அரிய நோயில் மோசமானவர்களின் கதைதான் அதிகம் அச்சேறும் என்பதால் அந்த எண்ணைக் கொஞ்சம் தள்ளி வைத்துத்தான் பார்க்க வேண்டும். அலட்சியம் செய்யவும் முடியாது.

முதலில், இது அதுதானா?

எந்த வழி என்று பேசுவதற்கு முன்னால் இரண்டு சந்தேகங்களைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஒன்று, நம் ஊருக்கே உரியது: டிபி. நுரையீரலில் குழி என்று ரிப்போர்ட் வந்தால் நம் நாட்டில் எந்த டாக்டருக்கும் முதலில் டிபிதான் நினைவுக்கு வரும், வராவிட்டால்தான் தப்பு. எங்கள் பையனுக்கும் ஓரிடத்தில் சளியில் கிருமி எதுவும் தெரியாதபோதே டிபி மாத்திரையை ஆரம்பித்துவிட்டார்கள். தொண்டையில் இத்தனை தடவை பாப்பிலோமா எடுத்த ஆள் என்ற தகவல் ஈ.என்.டி. ஃபைலில் இருந்தது, நெஞ்சு டாக்டரின் மேஜைக்கு வரவில்லை. இரண்டு ஃபைலும் ஒரே பையில் இருந்திருந்தால் அந்த மாத்திரைகளை விழுங்கியிருக்க வேண்டாம்.

ஸ்கேனிலேயே ஓரளவு துப்பு உண்டு. பெரியவர்களின் டிபி குழி பெரும்பாலும் நுரையீரலின் மேல் பகுதியைப் பிடிக்கும். பாப்பிலோமா முடிச்சுகள் நடுவிலும் கீழ்ப் பகுதியிலும், அதுவும் முதுகுப் பக்கமாக அதிகம் தென்படும். மேலேயிருந்து மூச்சோடு உதிர்ந்து போன துணுக்குகள் கீழே போய் ஒட்டி வளர்கின்றன என்று ஒரு விளக்கம் உண்டு. இந்த இடத்தேர்வு அதோடு பொருந்திப் போகிறது. சி.டி. எடுத்தவர் கம்ப்யூட்டரில் படத்தைத் தொண்டையிலிருந்து கீழ்நோக்கி உருட்டிக் காட்டச் சொன்னால் நம் கண்ணுக்கே தெரியும்: மூச்சுக்குழாயின் உட்சுவரில் சின்னச் சின்ன மேடுகள், அதன் கீழே கிளை பிரியும் இடத்தில் இன்னும் சில, அதற்கும் கீழே முதுகை ஒட்டி மெல்லிய சுவருள்ள வட்டங்கள். ஆனாலும் படம் மட்டும் போதாது. சளியில் டிபிக்கான சிபிநாட் சோதனை, தேவைப்பட்டால் பிராங்கோஸ்கோபி (மூச்சுக்குழாய்க்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது), பயாப்ஸி (சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) எல்லாம் பார்த்துத்தான் முடிவு.

இரண்டாவது சந்தேகம், ஏற்கனவே புற்றாக மாறிவிட்டதா என்பது. ஒரு முடிச்சு மட்டும் மற்றவற்றைவிட வேகமாகப் பெருத்தால், சுவர் தடித்தால், நிணநீர்க் கட்டி வீங்கினால், பயாப்ஸியைத் தள்ளிப்போடக் கூடாது. பெட் ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடுமே என்று நினைக்கலாம். சாதாரண பாப்பிலோமாவும் அதில் பளிச்சென்று ஒளிரக்கூடும் என்பதால் அதை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. இந்தக் கேள்விக்கான பதில், பின்னால் பெவாசிசுமாப் பற்றிப் பேசும்போது இன்னும் முக்கியமாகப் போகிறது.

பொறுத்துப் பார்ப்பது

இதைச் சிகிச்சையாகவே பலர் எண்ணுவதில்லை. "ஒன்றும் செய்யாமல் அனுப்பிவிட்டார்" என்று வீட்டில் வருத்தப்படுவார்கள். ஆனால் நுரையீரல் முடிச்சுகள் பல பேருக்கு ஆமை வேகத்தில்தான் நகர்கின்றன. சிலருக்கு வருடங்களாக அப்படியே கிடக்கின்றன. மூச்சுவாங்கல் இல்லை, இரத்தம் இல்லை, அடிக்கடி காய்ச்சல் இல்லை, முந்தைய ஸ்கேனோடு ஒப்பிட்டால் மாற்றமும் பெரிதாக இல்லை என்றால், நுரையீரலுக்காக மட்டும் மருந்து தொடங்காமல் இருப்பது நியாயமான முடிவுதான்.

ஒரு நிபந்தனை: பார்த்துக்கொண்டிருப்பது என்றால் உண்மையிலேயே பார்க்க வேண்டும். குறிப்பிட்ட இடைவெளியில் குறைந்த கதிர்வீச்சு சி.டி., நுரையீரல் திறன் சோதனை, அதோடு பழைய ஸ்கேன் படங்கள் உள்ள டிஸ்க்குகளைத் தொலைக்காமல் வைத்திருப்பது. ரிப்போர்ட் தாள் போதாது, படங்களே வேண்டும். "பல முடிச்சுகள்" என்று இரண்டு வருடமும் ஒரே மாதிரி ரிப்போர்ட் வரும். பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எட்டு மில்லிமீட்டர் பதினான்கு ஆகியிருப்பது தெரியும்.

அறுவை: மேலே கட்டாயம், கீழே கை எட்டாது

குரல்வளையில் இருப்பதை மைக்ரோடிபிரைடர் வைத்துச் சுரண்டி எடுப்பது, கார்பன் டை ஆக்சைடு லேசர், கே.டி.பி. லேசர் என்று பல முறைகள் உண்டு. எது மேல் என்பது எடுப்பவரின் கைப்பழக்கத்தைப் பொறுத்தது. இதில் கருவியைத் தேடி ஊர் ஊராக அலைவதைவிட, இந்த நோயையே அடிக்கடி பார்க்கும் டாக்டரைத் தேடுவது பலன் தரும். மூச்சுவழி அடைபடாமல் இருக்க இந்த அறுவை தேவை. மற்ற எந்த மருந்தைத் தொடங்கினாலும் முதல் சில வாரங்களுக்கு இதுதான் உயிர்க்காப்பு. நோயை இது வேரறுப்பதில்லை. மரு இல்லாத, பார்க்க நன்றாக இருக்கும் சவ்விலும் வைரஸ் பதுங்கியிருக்கும். ஒட்ட ஒட்டச் சுரண்டினால் குரல்நாணில் தழும்பு விழுந்து குரல் போவதுதான் மிச்சம்.

மூச்சுக்குழாயின் பெரிய கிளைகள் வரை பிராங்கோஸ்கோப் போகும், லேசரும் போகும். அதற்குக் கீழே நுரையீரலின் சதைக்குள் இருப்பதை எந்தக் குழாயாலும் தொட முடியாது. நெஞ்சைத் திறந்து முடிச்சுகளை வெட்டி எடுப்பது, இரண்டு பக்கமும் பரவிய நோய்க்குப் பொருளற்றது. ஒரே இடத்தில் புற்று என்று உறுதியானால் மட்டுமே அந்தப் பகுதியை எடுப்பதில் அர்த்தம் உண்டு. நுரையீரல் மாற்று அறுவையைச் சிலர் கேட்பார்கள். எதிர்ப்பு சக்தியை வாழ்நாள் முழுக்க அடக்கி வைக்க வேண்டிய சிகிச்சை அது. அடக்கினால் முதலில் குதூகலிப்பது இந்த வைரஸ்தான்.

ட்ரக்கியாஸ்டமி பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். மூச்சு அடைத்து அவசரத்தில் வந்தால் கழுத்தில் துளை போட்டு உயிரைக் காப்பாற்றுவார்கள்; அந்த நேரத்தில் வேறு பேச்சுக்கு இடமில்லை. ஆனால் "அடிக்கடி தியேட்டருக்குப் போவதைவிட ஒரு ட்யூபைப் போட்டுவிடலாமே" என்று வசதிக்காகச் சொன்னால் இரண்டாவது டாக்டரிடம் கேட்காமல் சம்மதிக்காதீர்கள். துளை போட்ட இடமும் ட்யூப் உரசும் இடமும் பாப்பிலோமா முளைக்கத் தோதான இடங்களாக மாறிவிடுகின்றன. ட்ரக்கியாஸ்டமி போட்டவர்களிடம் நோய் கீழே இறங்கியிருப்பது அதிகம் என்று திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கிறது. மோசமான நோய்க்காரர்களுக்குத்தான் ட்யூபே போடுகிறார்கள், அதனால் அப்படித் தெரிகிறது என்ற வாதமும் உண்டு. வாதம் எப்படி இருந்தாலும், தவிர்க்க முடிந்தால் தவிர்ப்பது, போட்டால் சீக்கிரம் எடுப்பது என்பதில் டாக்டர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

பெவாசிசுமாப்: இன்று முன்வரிசையில்

இது புற்றுநோய் மருந்தாக 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அப்போது பெருங்குடல் புற்றுக்கு. பாப்பிலோமா என்பது நடுவில் இரத்தக்குழாய் ஓடும் சின்னச் சின்ன விரல்களின் கொத்து. புது இரத்தக்குழாய் முளைக்கத் தூண்டும் வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தை இந்த மருந்து பிடித்து முடக்குகிறது. வைரஸை இது தொடுவதே இல்லை. மருவுக்குப் போகும் ஊட்டத்தை நிறுத்துகிறது. லேசரோடு சேர்த்து மருவிலேயே ஊசியாகப் போடுவதும் உண்டு. நுரையீரலுக்கு அது உதவாது. நரம்பு வழியாக டிரிப்ஸில் ஏற்ற வேண்டும். இப்படி ஏற்றிப் பார்த்த முதல் அனுபவம் ஜெர்மனியிலிருந்து 2009இல் ஒரு நோயாளியைப் பற்றி வெளிவந்தது, 2014இல் அங்கிருந்தே ஐந்து நோயாளிகளைப் பற்றியும். 2017இல் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து, தொண்டையிலும் நுரையீரலிலும் நோய் இருந்த ஒரு குழந்தைக்குக் கொடுத்து நல்ல பலன் கண்டதாக எழுதினார்கள். அதன்பின் பல நாடுகளில் கொடுக்கத் தொடங்கி, 2021இல் நிபுணர்கள் கூடி இதற்கென்று ஒரு பொதுக் கருத்தறிக்கையும் வெளியிட்டார்கள்.

தொண்டையிலும் மூச்சுக்குழாயிலும் இதன் பலன் வியப்பானது. சில வாரங்களில் மரு சுருங்குவது பலரிடம் தெரிகிறது. மாதம் ஒரு அறுவை என்றிருந்தவர்கள் வருடக்கணக்கில் தியேட்டர் பக்கம் போகாமல் இருக்கிறார்கள். இப்போது நம் கேள்வி: நுரையீரலில்? அங்கே பலன் கலவையானது. சிலருக்கு முடிச்சுகள் சுருங்குகின்றன. திடமாக இருந்தவை மெல்லிய சுவருள்ள வெற்றுப் பையாகின்றன. சிலருக்கு வளர்ச்சி நிற்கிறது, அவ்வளவுதான். ஏற்கனவே குழிந்துபோன இடம் பழையபடி நல்ல நுரையீரலாகத் திரும்புவதில்லை. அதனால் ஸ்கேன் சுத்தமாகிவிடும் என்று எதிர்பார்த்துத் தொடங்குபவர் ஏமாறுவார். வளர்வது நின்றால் போதும் என்று தொடங்குபவருக்கு இதைவிட அனுபவம் சேர்ந்த வேறு மருந்து இன்று இல்லை.

நடைமுறை எப்படி என்றால், உடல் எடை கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று கணக்கிட்டு (பெரும்பாலும் 5 முதல் 10 வரை) மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ஏற்றுவார்கள். அடங்கிய பிறகு இடைவெளியை ஆறு வாரம், எட்டு வாரம் என்று நீட்டிப் பார்ப்பார்கள். டேகேர் போதும், படுக்கை வேண்டாம். போனதும் கையில் ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்துச் சிறுநீர் பிடித்து வரச் சொல்வார்கள். அதில் ஒரு பட்டையை முக்கி எடுத்து, புரதத்துக்கான கட்டம் மஞ்சளிலிருந்து பச்சைக்கு எவ்வளவு மாறுகிறது என்று பட்டைகள் வந்த டப்பாவில் ஒட்டியிருக்கும் நிற அட்டையோடு சேர்த்து வைத்துப் பார்ப்பார் நர்ஸ். பிறகு பி.பி. இந்த இரண்டும் சரியாக இருந்தால்தான் மருந்தைக் கலக்கவே சொல்வார்கள். பி.பி. ஏறியிருந்தால் உட்கார வைத்து மறுபடி பார்ப்பார்கள். முதல் தடவை ஒன்றரை மணி நேரம் மெதுவாக ஏறும். ஒத்துக்கொண்டால் பிறகு அரை மணியில் முடிந்துவிடும். முடி கொட்டுவதும் வாந்தியும் பெரும்பாலும் இல்லை. கீமோ என்று பயந்து வருபவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

பயப்பட வேண்டியவை வேறு. பி.பி. உயர்வு, சிறுநீரில் புரதம், இரத்த உறைவு, இரத்தக் கசிவு, புண் ஆறாமை. பெரிய அறுவை என்றால் அதற்கு முன்னும் பின்னும் குறைந்தது 28 நாள் இடைவெளி வேண்டும் என்று மருந்தின் குறிப்பேட்டிலேயே இருக்கிறது. பல் பிடுங்குவதைக்கூடக் கேட்காமல் செய்யக் கூடாது. கர்ப்பத்தில் கூடாது, குழந்தைப்பேற்றை எதிர்பார்க்கும் பெண்கள் சினைப்பை பாதிப்பு பற்றியும் முன்கூட்டிப் பேசிவிட வேண்டும். வளரும் குழந்தைகளில் எலும்பு வளர்ச்சியைக் கவனிக்கச் சொல்கிறார்கள்.

புற்றா இல்லையா என்று முதலிலேயே தெரிய வேண்டும் என்றேனே, காரணம் இதுதான்: பாப்பிலோமாவிலிருந்து மாறும் புற்று ஸ்குவாமஸ் வகை. நுரையீரலின் ஸ்குவாமஸ் வகைப் புற்றில் இந்த மருந்தைக் கொடுத்தபோது உயிருக்கே ஆபத்தான இரத்தக் கசிவு ஏற்பட்டதால், நுரையீரல் புற்றுக்கான இதன் அனுமதியே அந்த வகையைத் தவிர்த்துத்தான் கொடுக்கப்பட்டது. குழி விழுந்த நுரையீரலும் இருமலில் இரத்தமும் உள்ள ஒருவருக்கு, பயாப்ஸி பற்றிப் பேசாமல் மருந்தை ஏற்றலாம் என்று ஒரு டாக்டர் சொன்னால், ஏன் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

இன்னொன்றும் முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். நிறுத்தினால் பலருக்கு நோய் திரும்பி வருகிறது. மறுபடி தொடங்கினால் பெரும்பாலும் அடங்குகிறது. ஆகவே இது தவணை முடியாத கடன் மாதிரி. முதல் டோஸின் விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது, ஒரு வருடத்துக்கு எத்தனை டோஸ் என்று பெருக்கிப் பார்க்க வேண்டும். நம் நாட்டில் உள்ளவர்களுக்கு இதில் ஒரு சாதகம் உண்டு: 2016இலிருந்து இந்திய நிறுவனங்களின் பயோசிமிலர்கள் (மூல மருந்தை ஒத்ததாகத் தயாரித்தவை) கிடைக்கின்றன, அதைவிட மலிவாக. பாதகம், பாப்பிலோமாவுக்கு இது அனுமதிக்கப்பட்ட பயன்பாடு இல்லை என்பதால் காப்பீட்டு நிறுவனம் கேள்வி கேட்கும். வெளியான ஆய்வுகளை இணைத்து, ஈ.என்.டி., நுரையீரல், புற்றுநோய் டாக்டர்கள் மூவரும் கையெழுத்திட்ட ஒரு கடிதத்தை முன்கூட்டியே அனுப்பி அனுமதி கேட்பது, ஏற்றிய பிறகு பில்லை நீட்டுவதைவிட நல்லது.

பழைய மருந்துகள், சுருக்கமாக

இன்டர்ஃபெரான் 1980களின் மருந்து. காய்ச்சலும் உடல்வலியும் மிச்சம், பலன் நிலைக்கவில்லை. சிடோஃபோவிர், கண்ணில் வரும் வேறொரு வைரஸுக்கான மருந்து; தொண்டை மருவில் ஊசியாகப் பல வருடம் போட்டார்கள், இன்றும் சிலர் போடுகிறார்கள். போலி மருந்தோடு ஒப்பிட்டுச் செய்த சிறிய ஆய்வு ஒன்றில் இரண்டு தரப்பும் ஒரே மாதிரி முன்னேறியதால் மருந்தின் பெருமை நிரூபணமாகவில்லை. நுரையீரலுக்கு என்றால் நரம்பு வழியாகத்தான் கொடுக்க வேண்டும். அப்போது சிறுநீரகத்தைத் தாக்கும், வெள்ளணுக்களைக் குறைக்கும், விலங்குகளில் புற்றை உண்டாக்கியது என்ற எச்சரிக்கையும் மேல் அட்டையில் இருக்கிறது. ஏற்கனவே புற்றாக மாறுமோ என்று பயந்துகொண்டிருக்கும் நோய்க்கு இதை முதல் தேர்வாக நான் வைக்க மாட்டேன். பெவாசிசுமாப் ஒத்துக்கொள்ளாதவருக்கு, சிறுநீரகம் நன்றாக இருந்தால், பேசிப் பார்க்கலாம்.

புது ஊசி

2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் இந்த நோய்க்கென்றே முதல் மருந்து அனுமதி பெற்றது. பெயர் ஸோபாபோஜீன் இமாடெனோவெக், விற்பனைப் பெயர் பாப்ஸிமியோஸ். கொரில்லாவிடமிருந்து எடுத்த அடினோ வைரஸைப் பெருகாதபடி முடக்கி, அதன் முதுகில் ஹெச்.பி.வி. 6, 11 வகைகளின் அடையாளங்களை ஏற்றி, உடலின் டி செல்களுக்கு (தொற்றிய செல்களைத் தேடி அழிக்கும் வெள்ளணுக்கள்) எதிரியைக் காட்டிக்கொடுக்கிறார்கள். தோலுக்கடியில் நான்கு ஊசி, பன்னிரண்டு வாரத்தில் முடிந்துவிடும். பெவாசிசுமாப் ஊட்டத்தை நிறுத்துகிறது என்றால் இது வைரஸ் குடியேறிய செல்லையே தேடிப் போகிறது. வேலை செய்தால் தொடர்ந்து ஏற்றிக்கொண்டிருக்க வேண்டாம். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது!

35 பெரியவர்களில் செய்த ஆய்வில் 18 பேருக்கு, அதாவது 51 சதவீதத்துக்கு, முழுப் பலன். இங்கேதான் அளவுகோலைப் பார்க்க வேண்டும். முழுப் பலன் என்று அவர்கள் வரையறுத்தது, சிகிச்சை முடிந்து 12 மாதத்துக்கு அறுவையே தேவைப்படாமல் இருப்பது. ஆய்வில் சேர்ந்தவர்களும் முந்தைய ஒரு வருடத்தில் மூன்று அறுவையாவது செய்துகொண்டவர்கள். நுரையீரல் சதைக்குள் இருக்கும் முடிச்சுக்கு யாரும் அறுவை செய்வதில்லை. ஆகவே அது சுருங்கினாலும் வளர்ந்தாலும் இந்த அளவுகோலில் ஏறாது. 51 சதவீதம் என்ற எண்ணைத் தூக்கிக்கொண்டு போய் நுரையீரல் நோயின் மேல் ஒட்டுவது சரியல்ல. பலன் வரவே வராது என்று சொல்வதும் சரியல்ல. டி செல்கள் இரத்தத்தில் சுற்றுபவை, நுரையீரலுக்கும் போகும். இன்னோவியோ நிறுவனத்தின் ஐ.என்.ஓ.-3107 என்ற டி.என்.ஏ. மருந்தும் இதே பாதையில் வருகிறது. அதன் ஆய்வில் 32 பேரில் 26 பேருக்கு முதல் வருடத்தில் அறுவைகள் குறைந்தன. அங்கேயும் எண்ணப்பட்டது அறுவைகள்தான்.

எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் வேறொரு வகையில், நுரையீரல் கேள்விக்கு நேரடியாக ஒரு பதில் கிடைத்திருக்கிறது. அது உற்சாகமானதல்ல. அவெலுமாப் என்ற மருந்தை அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் 12 பேருக்குக் கொடுத்துப் பார்த்தபோது, குரல்வளை நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோருக்குப் பகுதிப் பலன் கிடைத்தது. நுரையீரலில் நோய் இருந்தவர்களுக்கு அங்கே கிடைக்கவில்லை. ஒரே மருந்து, ஒரே வைரஸ். மேலே வேலை செய்தது, கீழே செய்யவில்லை. சிறிய எண்ணிக்கைதான். ஆனால் தொண்டையின் கணக்கை நுரையீரலுக்குக் கடன் வாங்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி என் கண்ணில் படவில்லை. இந்த வகை மருந்துகளைப் புற்றாக மாறியவர்களுக்குப் பரிசீலிப்பது வேறு கதை.

எங்கள் வீட்டில் நான் சொன்ன வரிசை

தொண்டை அடிக்கடி அடைகிறது, நுரையீரலிலும் முடிச்சு வளர்கிறது, புற்று இல்லை என்று பயாப்ஸி சொல்கிறது என்றால், பெவாசிசுமாப்பைத் தள்ளிப்போடுவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. நான்கைந்து அறுவைகளும் ஒரு ட்ரக்கியாஸ்டமியும் ஆன பிறகு கடைசி ஆயுதமாக எடுப்பதைவிட, குழி விழுவதற்கு முன்பே தொடங்குவதுதான் நுரையீரலுக்கு நல்லது. விழுந்த குழியை எந்த மருந்தும் நிரப்பாது. எங்கள் வீட்டில் விவாதம் இதில்தான் நீண்டது. "இத்தனை வருஷம் ஆபரேஷன்லயே ஓட்டிட்டோமே, இந்த மருந்தை ஆரம்பிச்சா நிறுத்தவே முடியாதாமே" என்றாள் அக்கா. "அறுவையையும்தானே அக்கா நம்மால நிறுத்த முடியல" என்றேன்.

தொண்டை அமைதியாக இருக்கிறது, நுரையீரலில் சில முடிச்சுகள் மட்டும், இரண்டு ஸ்கேன்களுக்கு இடையே அசைவில்லை என்றால், காத்திருக்கலாம்.

பி.பி. கட்டுக்குள் வராதவர், அண்மையில் இரத்த உறைவு வந்தவர், இருமலில் அடிக்கடி இரத்தம் துப்புபவர், கர்ப்பமாக இருப்பவர், இவர்களுக்குப் பெவாசிசுமாப் கதவு ஏறக்குறைய மூடியிருக்கிறது. இவர்கள்தான் புது ஊசியையும் ஆய்வுகளையும் மும்முரமாக விசாரிக்க வேண்டியவர்கள் (கர்ப்பமாக இருப்பவர் மட்டும் பிரசவத்துக்குப் பிறகு). விசாரிக்கும்போது மின்னஞ்சலில் முதல் வரியிலேயே "நுரையீரலிலும் நோய் உள்ளது" என்று எழுதிவிடுங்கள். சில ஆய்வுகள் அதனாலேயே சேர்க்கும், சில அதனாலேயே மறுக்கும். சுற்றி வளைத்தால் நேரம்தான் போகும்.

பெவாசிசுமாப்பில் நன்றாக இருப்பவர் புது ஊசிக்காக அதை நிறுத்த வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். அடங்கியிருக்கும் நுரையீரலைச் சோதனைக்கு விடுவது அது. என் பையனாக இருந்தால், நுரையீரல் முடிச்சுகளின் அளவைத் தனியாக எடுத்துச் சொல்லும் ஆய்வு ஒன்று வரும்வரை நிறுத்தச் சொல்ல மாட்டேன்.

தடுப்பூசி ஒரு பக்கம் இருக்கட்டும், எது என்று பார்த்து

ஏற்கனவே நோய் உள்ளவருக்கு ஹெச்.பி.வி. தடுப்பூசி போட்டால் என்ன பயன்? இருக்கும் மருவை அது கரைக்காது. சிலருக்கு அறுவைகளுக்கு இடையிலான காலம் நீண்டதாக ஆய்வுகள் சொல்கின்றன. எல்லா ஆய்வும் ஒத்துப்போகவில்லை. பக்க விளைவு சொற்பம், செலவும் மற்றவற்றோடு ஒப்பிட்டால் சில்லறை என்பதால் மேலே சொன்ன எந்த வழியோடும் இதைச் சேர்த்துக்கொள்ளலாம். இதைப் போட்டுவிட்டோம் என்று மற்றதைத் தள்ளிப்போடத்தான் கூடாது.

வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளுக்குப் போடுவதில் யோசிக்கவே வேண்டாம். 6, 11 வகைகளையும் சேர்த்துத் தடுக்கும் கார்டசில் ஊசியை 2007இலிருந்து பரவலாகப் போட்ட ஆஸ்திரேலியாவில், குழந்தைகளிடம் புதிதாக இந்த நோய் வருவது 2012க்கும் 2016க்கும் இடையில் ஒரு லட்சத்துக்கு 0.16 என்பதிலிருந்து 0.02 ஆகக் குறைந்தது. கடையில் வாங்கும்போது பெட்டியைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். செர்வாரிக்ஸில் 16, 18 மட்டும்தான். கருப்பை வாய்ப் புற்றைத் தடுக்க அது உதவும், இந்த நோய்க்கு உதவாது. கார்டசிலிலும் புனே சீரம் நிறுவனத்தின் செர்வாவாக்கிலும் 6, 11 இரண்டும் இருக்கின்றன. பையன்களுக்கும் போடலாம்.